ஒரு சாவி திறக்காத கதவுகள்: ஆங்கிலக் ‘கீ’யும் அதன் போர்த்துகீசிய மொழிபெயர்ப்புகளும்

 

இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகளால் ஆன ஒரு சொல். ‘கீ’ என்று ஒலிப்பது. தொடக்கநிலை மாணவருக்கும் பொருள் தெரிந்தது. அச்சொல் போர்த்துகீசிய மொழிக்குள் நுழையும்போது என்ன ஆகிறது என்பதைப் பொறுமையாகக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

தமிழ் அவையில் போர்த்துகீசியத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நம் மாணவர்கள் நாள்தோறும் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவே போய்வருகிறார்கள். அந்தப் போக்குவரத்தை நாம் உள்ளிருந்தே பார்ப்பதால் அதன் சிக்கல்கள் நமக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. ஆங்கிலத்தின் அருகில் வேறொரு மொழியை வைத்துப் பார்த்தால் தெரிகின்றன. இது முதற்காரணம். நம் வீட்டுக் கதவைத் திறக்கும் ‘சாவி’ என்ற சொல்லே போர்த்துகீசியத்திலிருந்து வந்தது என்பது இரண்டாவது.

போர்த்துகீசியச் சொற்களைத் தமிழெழுத்தில் தரும்போது அவற்றின் எழுத்தமைப்பை ஒட்டியே தருகிறோம். போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் ஒலிப்பு சற்றே வேறுபடும்.

சாவி வந்த வழி

வாஸ்கோ ட காமா 1498ஆம் ஆண்டில் கோழிக்கோட்டுக்கு அருகே வந்திறங்கினார். 1511இல் அல்புகெர்க் மலாக்காவைக் கைப்பற்றினார். 1641 வரை அந்நகரம் போர்த்துகீசியர் வசம் இருந்தது. கிழக்குக் கடல்களில் அவர்கள் நடமாடிய அந்நூற்றாண்டுகளில் அவர்களுடைய வீட்டுப் பொருள்களின் பெயர்கள் நம் கரைகளில் தங்கின. ‘ஜனேலா’ சன்னலாயிற்று, ‘மேசா’ மேசையாயிற்று, ‘அர்மாரியோ’ அலமாரியாயிற்று, ‘ஷாவெ’ சாவியாயிற்று.

மலாய் மொழியும் முதல் மூன்றையும் ஏற்று, ‘ஜெண்டேலா’, ‘மேஜா’, ‘அல்மாரி’ என வழங்குகிறது. சாவிக்கு மட்டும் அங்கே ‘குஞ்சி’ என்ற சொல்லே நிலைத்தது. பூட்டையும் திறவுகோலையும் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில், திறவுகோலை மலாய் ‘அனாக் குஞ்சி’ என்கிறது. பூட்டின் பிள்ளை என்பது பொருள். தமிழில் திறவுகோல் என்ற சொல் உண்டு. இலங்கைத் தமிழர் திறப்பு என்பர். ஆயினும் தமிழ்நாட்டிலும் நம் நாடுகளிலும் அன்றாட வழக்கில் சாவியே பரவியது.

இன்று போர்த்துகீசியப் பொதுவழக்கில் இச்சொல்லின் முதலொலி ‘ஷ’. பதினாறாம் நூற்றாண்டில் அது ‘பச்சை’ என்பதில் வரும் சகரம் போல் அழுத்தமாக ஒலித்தது. அந்தப் பழைய ஒலியோடுதான் சொல் கிழக்கே வந்தது. தமிழில் சகரத்தால் எழுதுகிறோம். இந்தியில் ‘சாபி’ என்று அழுத்தியே சொல்கிறார்கள். வீட்டில் மறைந்த ஒலி வெளியூரில் வாழ்கிறது.

இவ்விரு மொழிகளின் உறவுக்கு நம் மண்ணில் ஒரு நினைவுச் சின்னமும் உண்டு. அந்தாவ் த ப்ரொயென்சா என்ற இயேசு சபைத் துறவி தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி 1679ஆம் ஆண்டில் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சாயிற்று. அதன் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைப் பேராசிரியராக இருந்த தனிநாயகம் அடிகளார் அதனை அப்படியே ஒளிப்படப் பதிப்பாக 1966இல் கோலாலம்பூரிலிருந்து வெளியிட்டார். முதல் உலகத் தமிழ் மாநாடு அங்கே கூடிய அதே ஆண்டு அது. ஆகவே போர்த்துகீசியத்தைப் பற்றிப் பேசும்போது நாம் அயலார் வீட்டுக்குள் நுழையவில்லை.

ஒரு சொல் ஆறாகப் பிரிதல்

இனி ‘கீ’யை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பூட்டைத் திறப்பது ‘கீ’. பியானோவிலும் கணினியிலும் விரலால் அழுத்துவது ‘கீ’. ஒரு பாட்டு எந்த ஆதார ஒலியில் அமைகிறதோ அதுவும் ‘கீ’. நிலப்படத்தின் மூலையில் குறியீடுகளை விளக்கும் சிறு கட்டம் ‘கீ’. தேர்வுத்தாளின் சரியான விடைகளைத் தரும் பட்டியல் ‘கீ’. ஒரு பெயர்ச்சொல்லின் முன் அடையாக நின்றால் முதன்மையானது என்று பொருள் தரும். ஆங்கிலேயருக்கு இவையெல்லாம் ஒரே சொல்.

போர்த்துகீசியர் இவற்றை ஒரே சொல்லாக வைத்திருக்கவில்லை.

பூட்டைத் திறப்பது ‘ஷாவெ’. இதில் ஐயமில்லை.

விரலால் அழுத்தும் கட்டை ‘தெக்லா’. பியானோவுக்கும் கணினிக்கும் அதுவே, விசைப்பலகை ‘தெக்லாதோ’. ஆனால் புல்லாங்குழலிலும் கிளாரினெட்டிலும் துளைகளை மூடித் திறக்கும் உலோகக் கருவிகளை அவர்கள் ‘ஷாவெ’ என்றே சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ‘கீ’தான். ஓர் இசைநூலை மொழிபெயர்ப்பவர் எந்த இசைக்கருவி என்று அறியாமல் இச்சொல்லைத் தொடவே முடியாது.

பாட்டின் ஆதார ஒலி ‘தோம்’ அல்லது ‘தொனாலிதாதெ’. இவ்விடத்தில் வரலாற்றின் விளையாட்டு ஒன்றைக் காணலாம். இடைக்கால இசைநூலார் சுரங்களைக் குறிக்கும் எழுத்துகளை லத்தீனில் ‘கிளாவிஸ்’, அதாவது திறவுகோல் என்று வழங்கினர். ஆங்கிலம் அந்த வழக்கைத் தன் ‘கீ’க்குள் வாங்கிக்கொண்டது. ‘கீ’யோ லத்தீன் வழிச் சொல் அன்று, பழைய ஆங்கிலச் சொல். போர்த்துகீசியத்தின் ‘ஷாவெ’தான் ‘கிளாவிஸ்’ என்பதன் நேர்வாரிசு. ஆயினும் பாட்டின் ஆதார ஒலிக்கும் பியானோக் கட்டைக்கும் அந்த வாரிசு இன்று பயன்படவில்லை.

லத்தீனில் ‘க்ல’ என்று தொடங்கிய பல சொற்கள் போர்த்துகீசிய மக்களின் நாவில் ‘ஷ’ ஆயின. அவ்வழியில் பிறந்தது ‘ஷாவெ’. பின்னாளில் கற்றோர் அதே லத்தீன் சொல்லை நூல்வழியே மீண்டும் எடுத்தனர். அது ‘கிளாவெ’ ஆயிற்று. இசைத்தாளின் தொடக்கத்தில் இடும் குறியை இன்றும் ‘கிளாவெ’ என்பர். வடசொல் தமிழுக்கு வரும் வகைகளைத் தற்பவம், தற்சமம் என்று நம் இலக்கணிகள் பிரித்ததை மாணவர்கள் இங்கே நினைவுகூரலாம். ஒரு தாய்ச்சொல் திரிந்தும் திரியாமலும் இருமுறை வந்த கதை இது.

சில வேளைகளில் ‘கீ’ மொழிபெயர்ப்பில் முற்றிலும் மறைந்துவிடும். ஆதார ஒலியிலிருந்து விலகிப் பாடுவதை ஆங்கிலம் ‘ஆஃப் கீ’ என்கிறது. போர்த்துகீசியம் அதனை ‘தெசாஃபினாதோ’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறது. சுருதி கலைந்தது என்பது பொருள். அந்தோனியோ கார்லோஸ் ஜோபிமும் நியூட்டன் மெந்தோன்சாவும் இயற்றி, ஜோவாவ் ஜில்பெர்த்தோ 1959ஆம் ஆண்டு இசைத்தட்டில் பாடிய புகழ்பெற்ற பிரேசில் பாட்டின் பெயரும் அதுவே. அப்பாட்டு ஆங்கிலத்துக்குப் போனபோது ‘ஆஃப் கீ’ என்ற பெயரும் அதற்கு வழங்கியது. போர்த்துகீசியத்தில் இல்லாத திறவுகோல் ஆங்கிலப் பெயரில் முளைத்தது. அது பிழையன்று, நல்ல மொழிபெயர்ப்பு. சொல்லுக்குச் சொல் நிகர் தேடியிருந்தால் கிடைத்திராது.

நிலப்படக் குறிவிளக்கம் ‘லெஜெந்தா’. படத்தின் அடியில் வரும் குறிப்பும், திரைப்படத்தில் ஓடும் வசன எழுத்தும் அதே ‘லெஜெந்தா’தான். பழங்கதை என்ற பொருளுக்கு ‘லெந்தா’ என்று வேறு சொல் உண்டு. ஆங்கிலத்தில் ‘லெஜண்ட்’ என்பது பழங்கதையையும் குறிக்கும், நிலப்பட விளக்கத்தையும் குறிக்கும். அங்கே ஒன்றாக இருப்பது இங்கே இரண்டாகிறது.

விடைப் பட்டியலுக்குப் பிரேசிலில் ‘கபரித்தோ’ என்று பெயர். அந்நாட்டின் ‘ஏனெம்’ என்னும் பள்ளியிறுதித் தேர்வு முடிந்ததும் அரசு நிறுவனம் வெளியிடும் ‘கபரித்தோ’வுக்கு மாணவர்கள் காத்திருப்பார்கள். இச்சொல் பிரெஞ்சுக் கப்பல் கட்டுமானத்திலிருந்து வந்தது. கப்பலின் உறுப்புகளை அளவு பிசகாமல் செய்ய உதவும் வார்ப்படிவம் என்பது அதன் மூலப்பொருள். விடைகளை அந்த அளவுப் படிவத்தோடு ஒட்டிப் பார்ப்பதாக எண்ணம். ஆங்கிலம் விடைப் பட்டியலைத் திறப்பதாகக் கண்டது. பிரேசில் அளப்பதாகக் கண்டது. போர்ச்சுகல் பாடநூல்களோ ‘சொலுசோயிஷ்’, அதாவது தீர்வுகள் என்று நேராகவே சொல்கின்றன.

முதன்மை என்ற பொருளில் ‘ஷாவெ’ மீண்டும் வருகிறது. ஆனால் பெயரின் பின்னால் ஒட்டி வருகிறது. கட்டுரைக்குக் குறிச்சொல் ‘பலாவ்ரா-ஷாவெ’. எல்லா இடத்திலும் இப்படி ஒட்ட முடியாது. ஆங்கிலச் செய்தித்தாள் பத்து இடத்தில் ‘கீ’ என்று எழுதினால், நல்ல போர்த்துகீசிய மொழிபெயர்ப்பாளர் சிலவற்றில் ‘பிரின்சிபால்’ என்றும், சிலவற்றில் ‘ஃபுந்தமெந்தால்’ என்றும், சிலவற்றில் ‘எசென்சியால்’ என்றும் எழுதுவார்.

ஒலி ஒன்று, சொல் வேறு

இதுவரை கண்டவை ஒரே சொல்லின் கிளைகள். ‘கீ’ என்ற ஒலியில் வேறு சொற்களும் ஒளிந்திருக்கின்றன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ‘கீ வெஸ்ட்’ என்ற தீவு உண்டு. அதற்கும் திறவுகோலுக்கும் தொடர்பில்லை. ஸ்பானியர் அதனை ‘காயோ உவெசோ’, எலும்புத் தீவு என்றனர். சிறுதீவைக் குறிக்கும் ‘காயோ’ ஆங்கிலேயர் வாயில் ‘கீ’ ஆயிற்று. இப்பொருளுக்குப் போர்த்துகீசியத்தில் ‘இல்யோத்தா’.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ‘கிளார்க் கீ’யும் ‘போட் கீ’யும் இருக்கின்றன. அங்கே வருவது படகுத்துறையைக் குறிக்கும் வேறொரு சொல். எழுத்தும் வேறு, பிறப்பும் வேறு, ஒலி மட்டும் ஒன்று. போர்த்துகீசியத்தில் அது ‘காய்ஸ்’.

ஒரே சொல் பல பொருளுக்குப் படர்வது ஒன்று. வெவ்வேறு சொற்கள் தற்செயலாக ஒரே வடிவில் வந்து நிற்பது மற்றொன்று. முன்னதில் பொருள்களுக்கிடையே உறவு இருக்கும். அதைச் சொல்லிக்கொடுத்தால் மாணவர் நினைவில் நிற்கும். பின்னதில் இல்லாத உறவைத் தேடிக் காலத்தைச் செலவிட வேண்டியதில்லை.

‘ஷாவெ’ போகும் வேறு வழி

ஆங்கிலச் சொல்லின் சில பொருள்களை ‘ஷாவெ’ தாங்கவில்லை என்பதனால் அதனை ஏழைச் சொல் என்று கருதிவிடக் கூடாது. ‘கீ’ போகாத இடங்களுக்கெல்லாம் அது போகிறது.

பட்டறையில் மரையாணி முடுக்கும் ஸ்பேனரும் ‘ஷாவெ’தான். அதிலும் வாயைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பேனருக்கு ‘ஷாவெ இங்லேசா’ என்று பெயர். சொல்லுக்குச் சொல் ஆங்கிலச் சாவி. ஆங்கிலேயர் அதனைச் சாவி என்று சொல்வதே இல்லை. பிரேசிலில் திருப்புளியும் ஒரு ‘ஷாவெ’. ‘ஷாவெ தெ ஃபெந்தா’, பிளவுக்கான சாவி. பிரேசில் மாணவர் கணக்கில் இடும் நெளிவு அடைப்புக்குறிகள் ‘ஷாவெஸ்’, போர்ச்சுகலில் ‘ஷவேத்தாஸ்’. போர்ச்சுகலில் பரிசுச்சீட்டில் வென்ற எண்களின் வரிசைக்கு ‘ஷாவெ’ என்று பெயர். மற்போரில் எதிராளியின் கையை முறுக்கிப் பிடிப்பது ‘ஷாவெ தெ பிராசோ’, கைச்சாவி.

கவிதையிலும் அதற்கு இடமுண்டு. பதினான்கடிப் பாவாகிய ‘சொனேத்தோ’வின் சிறப்பான இறுதியடியைப் போர்த்துகீசியர் ‘ஷாவெ தெ ஓரோ’, பொற்சாவி என்பர். அதிலிருந்து, ஒரு நிகழ்ச்சியைச் சிறப்பாக முடித்தலைப் பொற்சாவியால் பூட்டுதல் என்று இன்றும் பேச்சில் சொல்கிறார்கள். ஆங்கிலத்தின் ‘கீ’ பெரும்பாலும் திறப்பதையே நினைவூட்டும். இங்கே சாவி பூட்டுகிறது.

தமிழ்ச் சாவியும் தனக்கென ஒரு வழி கண்டது. பழைய கடிகாரத்துக்கும் பொம்மைக்கும் நாம் சாவி கொடுக்கிறோம். போர்த்துகீசியர் அதற்குச் சாவி கொடுப்பதில்லை, ‘கோர்தா’ கொடுக்கிறார்கள். ‘கோர்தா’ என்றால் கயிறு. அவர்களிடமிருந்து சொல்லை வாங்கிய நாம், அவர்கள் அறியாத வேலைக்கு அதனை அமர்த்தியிருக்கிறோம். கடன் வாங்கிய சொல்லும் வந்த இடத்தின் பிள்ளையாக வளர்வதற்கு இது சான்று.

தொல்காப்பியம் காட்டும் வழி

இவ்வளவு பொருள்களுக்கிடையே மொழிபெயர்ப்பாளர் எப்படி வழி காண்கிறார்? அதற்கான முறையை நம் இலக்கணம் முன்னரே வகுத்து வைத்திருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் பல பொருள் தரும் ஒரு சொல்லை இரண்டாகப் பகுக்கிறது. முதலாவது, வினையால் பொருள் வேறுபட்டுத் தோன்றுவது. வினை மட்டுமன்றி இனமும் சார்பும் பொருளைத் தெளிவிக்கும். இரண்டாவது, வினையால் வேறுபடாதது. அங்கே பேசுவோர் தாம் கருதிய பொருளைக் கிளந்து, அதாவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

‘மா’ என்ற சொல்லை வைத்து இதனை வகுப்பில் விளக்குவது வழக்கம். மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. மா வீழ்ந்தது என்றால் இரண்டுக்கும் பொருந்துமாதலால், மாமரம் வீழ்ந்தது என்று கிளந்து சொல்ல வேண்டும்.

இதே அளவுகோலை ‘கீ’க்கு வைத்துப் பார்ப்போம். ‘கீ’யைத் தொலைத்தான் என்றால் ‘ஷாவெ’. ‘கீ’யை அழுத்து என்றால் ‘தெக்லா’. பாடகி ‘கீ’யை உயர்த்தினார் என்றால் ‘தோம்’. இங்கெல்லாம் வினை பொருளைக் காட்டிவிட்டது. நிலப்படம் என்ற சொல் அருகில் வந்தால் ‘லெஜெந்தா’. தேர்வு என்ற சொல் வந்தால் ‘கபரித்தோ’. இங்கே சார்பு காட்டிற்று. ‘கீ இன்’ என்று அச்சொல்லே வினையாகிவிட்டால் பிரேசிலில் ‘திஜித்தார்’. நம் அலுவலகங்களில் நாள்தோறும் கேட்கும் வழக்கு அது. தமிழில் உள்ளிடுக அல்லது தட்டச்சு செய்க என்கிறோம்.

வினை வேறுபடாத இடம்தான் இடர் தருவது. அது இன்று கணினித் திரையில் மிகுதியாக நேர்கிறது.

திரையில் தனித்து நிற்கும் சொல்

கணினி மென்பொருளை மொழிபெயர்ப்பவருக்கு முழு நூல் கிடைப்பதில்லை. துண்டு துண்டான தொடர்களின் பட்டியல் கிடைக்கிறது. அதில் ஓரிடத்தில் ‘கீ’ என்று மட்டும் இருக்கும். வேறிடத்தில் ‘செல்லாத கீ’ என்று இருக்கும். அது விசையா, மறைக்குறியீட்டுத் திறவுகோலா, தரவுத்தளத்தின் முதன்மைப் புலமா என்று சொல்ல அருகில் ஒரு வினையும் இல்லை.

போர்த்துகீசியத்தில் இந்த வேறுபாடு கட்டாயமானது. எந்த விசையையேனும் அழுத்துக என்ற அறிவிப்பில் ‘தெக்லா’ வர வேண்டும். மென்பொருளை வாங்கியதற்குச் சான்றாக உள்ளிடும் நீண்ட குறியீடு ‘ஷாவெ தோ ப்ரொதூத்தோ’. மறையாக்கத்தில் பொதுத் திறவுகோல் ‘ஷாவெ பூப்ளிகா’. பிரேசிலின் மத்திய வங்கி 2020ஆம் ஆண்டு நவம்பரில் ‘பிக்ஸ்’ என்ற உடனடிப் பணமாற்று முறையைத் தொடங்கியபின், ‘ஷாவெ பிக்ஸ்’ என்ற தொடர் கடைத்தெரு வழக்காகிவிட்டது. கைத்தொலைபேசி எண், மின்னஞ்சல், வரிப்பதிவு எண் அல்லது கணினி தானே தரும் குறியீடு ஆகியவற்றில் ஒன்று அந்தச் சாவியாக இருக்கும். வங்கிக் கணக்கை அடையாளம் காட்டித் திறப்பதாகையால் அங்கே ‘ஷாவெ’ பொருந்துகிறது. அந்த இடத்தில் ஒருவர் ‘தெக்லா’ என்று எழுதிவிட்டால், பணம் அனுப்ப வந்தவர் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தேடிக்கொண்டு நிற்பார்.

மென்பொருள் மொழிபெயர்ப்பில் பெரிதும் பயன்படும் ‘கெட்டெக்ஸ்ட்’ என்ற கருவி, ஒவ்வொரு தொடரோடும் சூழல் குறிப்பு ஒன்றைச் சேர்க்க இடம் தருகிறது. ஒரே எழுத்துக்கோவையை இரண்டு பொருளில் பயன்படுத்தினால் இரண்டையும் பிரித்துக் காட்டலாம். கிளந்து சொல்லுதல் என்று தொல்காப்பியர் வகுத்ததை இன்றைய மென்பொருளாளர் தம் தேவையால் கண்டடைந்திருக்கிறார்கள்.

நம் வகுப்பறைக்கு

இனி நம்மிடம் வருவோம். ‘கீ’க்குத் தமிழில் என்ன என்று கேட்டால், நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டே விடை சொல்வார்கள்: சாவி, முக்கியம். சொற்பட்டியலில் அவர்கள் கண்டவை அவை. ஆனால் தமிழிடம் இருப்பது அவ்வளவுதானா?

பூட்டுக்குச் சாவி அல்லது திறவுகோல். கணினிக்கு விசை, அதிலிருந்து விசைப்பலகை. நிலப்படத்துக்குக் குறிவிளக்கம். தேர்வுக்கு விடைக்குறிப்பு. கட்டுரைக்குக் குறிச்சொல். அடையாக வருமிடத்தில் முதன்மை, தலையாய, இன்றியமையாத, அடிப்படையான என்று இடத்துக்கேற்பப் பல. போர்த்துகீசியத்தைப் போலவே தமிழும் தனக்கென ஒரு பகுப்பை வைத்திருக்கிறது. அது ஆங்கிலத்தின் பகுப்பும் அன்று, போர்த்துகீசியத்தின் பகுப்பும் அன்று.

பாட்டுக்கு என்ன? இங்கே தமிழ் செய்திருப்பது வியப்புக்குரியது. ஆதார ஒலிக்கு நாம் சுருதி என்கிறோம். அதன் உயரத்தைச் சொல்லும்போது பாடகர் ஒரு கட்டை, நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்பர். கட்டை என்பது ஆர்மோனியத்தில் விரலால் அழுத்தும் பகுதி. முதல் வெள்ளைக் கட்டை ஒரு கட்டை. ஐந்தாவது வெள்ளைக் கட்டை ஐந்து கட்டை. இரு வெள்ளைக் கட்டைகளுக்கு இடையிலுள்ள கறுப்புக் கட்டை அரையாகக் கணக்காகும். போர்த்துகீசியர் ‘தெக்லா’ என்றும் ‘தோம்’ என்றும் பிரித்து வைத்த இரண்டையும் நம் பாடகர்கள் கட்டை என்ற ஒரே சொல்லால் இணைத்துவிட்டார்கள். எந்த மொழிபெயர்ப்புக் குழுவும் கூடி இதை முடிவு செய்யவில்லை. ஆர்மோனியத்தின் முன் அமர்ந்தவர்களின் தேவையிலிருந்து பிறந்தது.

இத்தகைய செல்வம் நம் மாணவரிடம் போய்ச் சேராமல் நிற்பது ஏன்? ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று இணை சேர்த்துக் கொடுப்பதே காரணம் என்று நாம் கருதுகிறோம். அந்த முறையில் கற்ற பிள்ளை, ஆங்கிலத்தில் ‘கீ’ வரும் இடமெல்லாம் ‘முக்கிய’ என்று எழுதுகிறது. முக்கியக் காரணம், முக்கியப் பங்கு, முக்கியச் சொல், முக்கிய மனிதர் என்று ஒரே கட்டுரையில் அச்சொல் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தொடரும் இலக்கணப்படி சரியாகவே இருக்கும். திருத்துபவரின் சிவப்பு மை விழாது. ஆனால் தலையாய என்ற சொல்லும், இன்றியமையாத என்ற சொல்லும், அவரில்லாமல் அது நடந்திராது என்ற இயல்பான தமிழ்த் தொடரும் அந்தப் பிள்ளையின் கைக்கு வருவதில்லை. பயன்படுத்தாத சொல் ஒரு தலைமுறையில் மங்கும். அடுத்த தலைமுறையில் அகராதியில் மட்டும் இருக்கும். பிழை இருந்தால் கண்ணுக்குத் தெரியும். இந்த இழப்பு தெரிவதில்லை என்பதே நம் கவலை.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறோம். ஒரு வாரத்துக்கு ஒரு சொல் போதும். ‘கீ’, ‘ரன்’, ‘லைட்’, ‘டைம்’ போன்ற பல பொருட்சொல் ஒன்றைக் கொடுத்து, அது வரும் ஆறு ஆங்கிலத் தொடர்களை மாணவரே தேடிக்கொண்டு வரச் செய்யுங்கள். ஒவ்வொரு தொடரிலும் பொருளைக் காட்டியது வினையா, இனமா, சார்பா என்று அடிக்கோடிடச் சொல்லுங்கள். பிறகு, அதே செய்தியை ஆங்கிலம் அறியாத தம் பாட்டியிடம் எப்படிச் சொல்வார்கள் என்று கேளுங்கள். வரும் விடைகளில் அந்தச் சொல் ஆறு விதமாக இருக்கலாம். ஓரிரண்டில் இல்லாமலே போகலாம். இல்லாமல் போன விடையையும் சரியென்று ஏற்றுக்கொள்ளுங்கள். ‘தெசாஃபினாதோ’ என்ற பாட்டின் பெயரில் கண்டது அதுதான்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். இணையத்தில் மொழிபெயர்ப்பு இயந்திரத்திடம் தனிச்சொல் ஒன்றைக் கொடுத்தால், அது தன் கணக்கில் மிகுதியாக வழங்கும் பொருளைத் திருப்பித் தரும். அதில் இயந்திரத்தின் குற்றம் இல்லை. வினையும் சார்பும் இல்லாமல் கேட்டது நாம். முழுத் தொடரையும் கொடுங்கள். வரும் விடையைத் தமிழ் வாக்கியத்தில் வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். செவி ஏற்காவிட்டால் வேறு சொல்லைத் தேடுங்கள். அச்சொல் உங்கள் வீட்டிலேயே யாரேனும் ஒருவர் பேச்சில் இருக்கக்கூடும்.

ஓர் ஆங்கிலச் சொல்லை அழைத்துக்கொண்டு போர்த்துகீசியத்தின் வழியே நடந்து தமிழுக்கு வந்திருக்கிறோம். மூன்று மொழிகளும் ஒரே உலகத்தைத்தான் பேசுகின்றன; அதனைப் பகுக்கும் கோடுகள் மட்டும் வேறு. அந்தக் கோடுகள் எங்கே ஓடுகின்றன என்று காட்டுவது மொழி ஆசிரியரின் பணி. அந்தப் பணியில் இவ்வுரை சிறிதேனும் துணைபுரிந்தால் மகிழ்வோம்.